தண்ணீர் நின்ற இடம்

குழி கிண்டும் அலவாங்கைக் கொண்டுவராமல் வந்தது பிழை என்று தயாளினிக்கு அப்போதுதான் விளங்கியது. பிடுங்குவதற்குக் கை போதும்; நடுவதற்குக் குழி வேண்டும். குளத்தோரச் சேறு மேலே நெய்போல இளகிக் கிடந்தாலும் ஒரு சாண் கீழே களி இறுகிப்போயிருந்தது. அந்தக் கதியாலை, வேலிக்கு நடுகிற பச்சைத் தடியை, இரண்டு கையாலும் பிடித்து உடம்புப் பாரம் முழுவதையும் அதன்மேல் போட்டாள். பாதி இறங்கி ஒரு பக்கம் சரிந்தது. நிமிர்த்தினாள். மற்றப் பக்கம் சரிந்தது.

"இறங்கு, சனியன். இறங்கன்."

மூச்சு இரைத்தது. பாவாடையின் கீழ்விளிம்பு முழுக்கச் சேறு. இருட்டத் தொடங்கும் மைம்மல் பொழுதாகியிருந்தது. பின்னால் குசினியில் லைற் எரிந்து, அதன் வெளிச்சம் ஒரு பாயைப்போல அவள் கால்வரைக்கும் வந்து விழுந்தது. அம்மா சட்டியில் கரண்டியால் தட்டுகிற சத்தம் கேட்டது. இன்னும் கொஞ்ச நேரத்தில் "தயா" என்று கூப்பிடுவா. அப்பா பட்டினத்திலிருந்து வந்துசேர நேரமாகவில்லை என்றாலும், இன்றைக்குப் பார்த்து நேரத்தோடு வந்துவிட்டால்? குதிக்காலால் சேற்றைக் கதியாலைச் சுற்றி மிதித்தாள். மிதிக்க மிதிக்கத் தண்ணீர் ஊறி வந்தது.

"ஆர் அது? தயாவோ?"

குரல் குளக்கட்டிலிருந்து வந்தது. தயாளினி கதியாலுக்கு முன்னால் நகர்ந்து நின்றாள். கட்டின்மேல் வெள்ளை முக்காடு தெரிந்தது. ஸைனம்பு. கீழ் ஒழுங்கை ஹனீபாவின் மனைவி, அவளுடைய தோழி சஜீதாவின் உம்மா.

"எங்கடை மறியாட்டைக் கண்டனியோ மகள்? கயித்தை அறுத்துக்கொண்டு வந்திட்டுது."

"இ... இல்லை அன்ரி."

"சேத்துக்கை என்ன செய்யிறாய், வெறுங்காலோடை?"

"செருப்பு... செருப்பு சேத்துக்கை புதைஞ்சிட்டுது, அன்ரி. தேடுறன்."

அவளுடைய செருப்பு கட்டின்மேல், ஸைனம்புவின் காலடியில், சோடியாக, ஒழுங்காகக் கழற்றி வைக்கப்பட்டிருந்தது. ஸைனம்பு குனிந்து செருப்பைப் பார்த்தா. பிறகு தயாளினியைப் பார்த்தா. அவளுடைய முதுகுக்குப் பின்னால் மறையாமல் நின்ற கதியாலையும் பார்த்திருக்க வேண்டும்.

"பாத்து வா மகள். அட்டை கிடக்கும்" என்றுவிட்டு, "ப்பா, ப்பா" என்று ஆட்டைக் கூப்பிட்டபடி கட்டால் நடந்துபோனா.

*

யாழ்ப்பாணப் பட்டினத்தில் சாவகச்சேரி பஸ் ஏறினால், மிச்சக் காசு கைக்கு வருவதற்குள் இறங்க வேண்டிய இடம் தாழங்குளத்தடி. றோட்டுக்கு முன்பக்கம் போன் கடை, ரியூசன் கொட்டில், கல்யாண மண்டபம். இவற்றின் முதுகுக்குப் பின்னால்தான் குளம் கிடந்தது. றோட்டால் போகிறவர்கள் அப்படியொரு குளம் இருப்பதையே அறியமாட்டார்கள். குளத்தின் மேல்கரையில் தயாளினியின் அப்பா சுபாஸின் வீடு முதலாக ஒரு வரிசை வீடுகள். எதிர்ப்பக்கம், பள்ளத்தில், கீழ் ஒழுங்கை என்கிற சின்னத் தெரு. மழை பெய்து குளம் நிரம்பினால் தண்ணீர் மேலே ஏறுவதற்கு வேலிகள் விடுவதில்லை. அது வழிந்து கீழ் ஒழுங்கைக்குள்தான் போகும்.

முன்பு அப்படியில்லை என்று எல்லோருக்கும் தெரியும். எப்போதிருந்து அப்படி என்பதும் எல்லோருக்கும் தெரியும். ஆனால் ஒருவரும் கதைப்பதில்லை. தொண்ணூறாம் ஆண்டு, முஸ்லிம்கள் என்பதற்காகக் கீழ் ஒழுங்கைச் சனம் முழுவதையும் இயக்கக்காரர் ஊரைவிட்டு வெளியேறச் சொன்னார்கள். உடுத்த உடுப்போடு போனார்கள். ஐந்து வருடம் கழித்து மேல்கரைச் சனமும் சண்டைக்குப் பயந்து தென்மராட்சிப் பக்கம் ஓடினார்கள். வன்னிவரை போய்விட்ட சிலரைத் தவிர மேல்கரை சீக்கிரம் திரும்பி வந்தது. கீழ் ஒழுங்கை திரும்பிவரக் கிட்டத்தட்ட இருபது வருடம் எடுத்தது, அதுவும் அரைவாசிதான் வந்தது. இடைப்பட்ட மாரிகளில் தண்ணீர் கூரையில்லாத வீடுகளுக்குள் போய் நின்றது. வந்து ஏனென்று கேட்க அங்கே ஆக்கள் இருக்கவில்லை. அந்தக் காலத்தில்தான் மேல்கரை வேலிகள் குளத்துக்குள் நடந்தன.

அதைத் தயாளினிக்குச் சொன்னவள் சஜீதா. போன மாரிக்குக் கீழ் ஒழுங்கைக்குள் முழங்காலளவு தண்ணீர் ஏறி வற்றாமல் நின்றபோது, சஜீதா புத்தகங்களைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்து தங்கினாள். தயாளினியின் கட்டிலில் இரண்டு பேரும் காலும் தலையுமாகப் படுத்தார்கள். ஒரு காலை, குசினி வாசலில் இருந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டே சஜீதா வளவைப் பார்த்துச் சிரித்தாள்.

"தயா, உங்கடை வளவுக்கை மூண்டு வேலி நிக்குது. கண்டனியோடி?"

"எங்கை? வேலி உங்கை குளத்தடியிலை ஒண்டுதானே?"

"விசரி. அந்தப் பூவரசுகளைப் பார். ஒண்டு, ரெண்டு, அங்காலை மூண்டு. ஒரே நேருக்கு நிக்குதுகள். மரம் தானா முளைச்சால் உப்பிடி வகுப்பிலை நிக்கிற மாதிரி வரிசையா நிக்குமோ?"

தயாளினி அன்றுதான் பார்த்தாள். அவள் பிறந்தநாள் முதல் அவை மரங்கள்தான். நடு வரிசையில்தான் அப்பா ஊஞ்சல் கட்டித் தந்தவர். அவை வேலிக்கு நட்ட கதியால்கள், உயிர்த்தடிகள், வேர்விட்டு வளர்ந்து நிற்பவை என்று அவள் நினைத்ததேயில்லை. வேலியை ஒவ்வொரு முறையும் முன்னுக்கு நகர்த்தும்போது பழைய கதியால் அங்கேயே நிற்க விடப்பட்டு, மரமாகிவிட்டது. முதல் வரிசை வீட்டோடு ஒட்டி. மற்றது குசினிக்கு முன்னால். கடைசி வரிசை குசினிக்கும் அங்கால், குளத்தைத் தொட்டபடி.

"அப்ப இந்தக் குசினி?" என்று தயாளினி கேட்டாள்.

"குளத்துக்கை இருந்து புட்டுச் சாப்பிடுறம்" என்றாள் சஜீதா. "கொம்மாவின்ரை புட்டு ருசிதான், அதாலை மன்னிச்சிட்டன்."

அப்பா சுபாஸ் தண்ணீர்ப் பம்ப் திருத்துகிறவர். அந்த மாரி முழுக்கத் தன்னுடைய பம்ப்பைக் கொண்டுபோய் ஹனீபா வீட்டில் வைத்துத் தண்ணீர் இறைத்தார். இறைத்த தண்ணீரைக் குளத்துக்குள்தான் விட வேண்டியிருந்தது. அது திரும்ப அங்கேதான் வந்தது.

*

இந்த வருடம் மழைக்கு முன்னமே சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்தார்கள். குளக்கட்டை உயர்த்தி, குளத்தைப் பழைய அளவுக்கு விரிக்க வேண்டும் என்பதில் எல்லோருக்கும் சம்மதம். பழைய அளவு எது என்பதில்தான் கதை முறிந்தது. ஒருவருடைய காணி உறுதிப் பத்திரம் ஒன்று சொன்னது, மற்றவர் உறுதி வேறு சொன்னது, சிலருடைய உறுதி இடம்பெயர்வில் போய்விட்டிருந்தது. கடைசியாகத் தலைவர் நடராசா மாஸ்டர் எழும்பினார்.

"உறுதியளை மடிச்சு வையுங்கோ. உறுதியள் ஒண்டோடை ஒண்டு கதைக்காது. நாங்கள் தண்ணியைக் கேப்பம். குளம் நிரம்பி வழியிற அண்டைக்கு வேலி அடைப்பை எல்லாரும் பிரிச்சு விடுவம். தண்ணி உங்கடை வளவுக்கை எங்கை வந்து நிக்குதோ, அங்கை ஒரு கிளுவைக் கதியால். அதுதான் எல்லை. அவரவர் வளவுக்கு அவரவர் நடுறது. ஒருத்தரும் மற்றவன்ரை வளவுக்கை எட்டிப் பாக்கிறேல்லை."

"கள்ளக் கதியால் நட்டால், மாஸ்டர்?" என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார்.

"நட்டிட்டு, விடிய எழும்பி எங்கடை முகத்திலை முழிக்கட்டும் பாப்பம்."

சனம் சிரித்தது. மேல்கரையில் முதலில் கையைத் தூக்கி "ஓம்" என்றவர் சுபாஸ். அன்றிரவு வீட்டுக்கு வந்தபோது அவருடைய நடையே வேறாக இருந்தது.

கார்த்திகைக் கடைசியில் குளம் வழிந்தது. விடிய விடியப் பெய்த மழையில், றெயின்கோட்டைப் போட்டுக்கொண்டு அப்பா அலவாங்கோடு இறங்கினார். தண்ணீர் பூவரசுகளுக்கு இடையால் வந்து, குசினித் தளத்துக்குமேல் ஏறி, அரிசி வாளியை மிதக்க வைத்து, இந்தப் பக்கம் உடுப்புத் தோய்க்கிற கல்லில் வந்து நின்றது. "பார் ரூபி, குளம் எங்கடை வீட்டை விருந்துக்கு வந்திருக்கு" என்று அப்பா சிரித்தார். தோய்க்கிற கல்லுக்குப் பக்கத்தில், தண்ணீர் நின்ற இடத்தில், ஒரு மயிர் முன்பின் இல்லாமல் கதியாலை நட்டார். தயாளினி குடை பிடித்தாள்.

தண்ணீர் வற்றியது. கதியால் நின்றது. அதற்கு அங்காலே, குளத்துப் பக்கத்தில், குசினி நின்றது.

மூன்றாம் நாள் அம்மா சோற்றுக் கோப்பையை வைத்தபடி சொன்னா: "சண்டை முடிஞ்சு முகாமிலை இருந்து வந்து, இந்தக் குசினிக்கு ஒவ்வொரு கல்லா நான் அரிஞ்சு தந்தனான். தயா அப்ப என்ரை வயித்திலை."

"தெரியும்" என்றார் அப்பா.

"நான் எங்கை சமைக்கிறது?"

"ஓம் எண்டிட்டன், ரூபி. சனத்துக்கு முன்னாலை."

அதன் பிறகு அப்பா குசினிக்குள் வந்து சாப்பிடுவதை விட்டுவிட்டார். கோப்பையைத் தூக்கிக்கொண்டு முன் விறாந்தைக்குப் போவார். அரைவாசி சாப்பிட்டு மிச்சத்தை நாய்க்கு வைப்பார். இரவு அம்மா மற்றப் பக்கம் திரும்பி மூக்கை உறிஞ்சுவது சுவருக்கு இங்கால் தயாளினிக்குக் கேட்கும். ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் வந்து கதியாலுக்குக் கதியால் கயிறு கட்டிவிட்டால் எல்லாம் முடிந்துவிடும். தையில் பெக்கோ இயந்திரம் வந்து குசினியை இடித்துக் குளத்தை வெட்டும். அதனால்தான் வெள்ளிக்கிழமை மைம்மலுக்குள் அவள் அதைப் பிடுங்கி, கடைசிப் பூவரசு வரிசைக்கு அங்கால் கொண்டுபோய் நட்டாள். ஒரு தடி. ஒரு தடிதானே என்று நினைத்தாள்.

*

சனி விடிய ரியூசனுக்குப் போகிற வழியில் அடுத்த வளவுகளைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். எல்லா வளவிலும் கதியால்கள் துளிர்த்திருந்தன. கிளுவை மழைக்கு நட்டால் இரண்டு கிழமையில் கணுவுக்குக் கணு பச்சை விட்டுவிடும். இது முன்பக்கம் மதிலும் பின்பக்கம் மரமாகிப்போன வேலியுமாக வளர்ந்த பிள்ளைக்கு எங்கே தெரியும்? தோய்க்கிற கல்லடியில் நின்றபோது அவர்களுடைய கதியாலும் துளிர்த்துத்தான் இருந்திருக்கிறது. அவள் கவனிக்கவில்லை. இப்போது ஓடிப்போய்ப் பார்த்தாள். துளிர் எல்லாம் துவண்டு, கழுவிப் போட்ட கீரைபோலத் தொங்கியது. இந்த ஊரில் கண் தெரிந்த எவருக்கும் அது ஒன்றைத்தான் சொல்லும்: பிடுங்கி நட்டது.

அன்று பின்னேரம் அப்பா வளவுக்குள் இறங்குவதை யன்னலால் கண்டாள். கணக்குக் கொப்பி மடியில் கிடந்தது. அப்பா தோய்க்கிற கல்லடியில் போய் நின்றார். அங்கே ஒரு வெறும் குழி. நிமிர்ந்து குளத்துப் பக்கம் பார்த்தார். நெடுநேரம் நின்றார். இப்போது கூப்பிடுவார், இப்போது பெல்ட்டைக் கழற்றுவார் என்று தயாளினி உள்ளங்கையைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

அப்பா வந்தார். "ரூபி, தேத்தண்ணி இருக்கே?" என்றார். குடித்தார்.

இரவுச் சாப்பாட்டுக்கு அம்மா நெத்தலி பொரித்திருந்தா. அப்பா குசினிக்குள் வந்து, பழைய இடத்தில், பலகையில் இருந்தார். அம்மா கேட்காமலே இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினா. அப்பா கோப்பையை வழித்துச் சாப்பிட்டார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்க்கவில்லை. நன்றி சொல்லத் தெரியாத ஆட்கள் சாப்பிடுவதுபோல இருந்தது அது. தயாளினி சோற்றை அளைந்துகொண்டிருந்தாள். அப்பா குழியைக் கவனிக்கவில்லையோ? அதெப்படி?

எல்லோரும் படுத்தபிறகு போர்வைக்குள் போனை வைத்துக்கொண்டு, கட்டாரில் வேலை செய்யும் அண்ணன் கஜீபனுக்கு வொய்ஸ் போட்டாள். குரல் மூச்சாகத்தான் வந்தது.

"அண்ணை, நித்திரையே? நான் ஒரு வேலை செய்திட்டன். ஆருக்கும் சொல்லாதை. அப்பா நட்ட கதியாலைப் பிடுங்கிக் குளத்தடியிலை நட்டிட்டன். அது வாடிப்போச்சு. நாளைக்கு எல்லாரும் வரப்போயினம். ஸைனம்பு அன்ரி என்னைக் கண்டவா எண்டு நினைக்கிறன். கண்டவாவோ இல்லையோ தெரியேல்லை. எனக்குப் பயமாக் கிடக்கு அண்ணை. குசினி போனால் அம்மா செத்துப்போவா. அதுக்காகத்தான் செய்தனான். சத்தியமா அதுக்காகத்தான்."

பதில் உடனே வந்தது. முதலில் சிரிப்பு.

"விசரி, நீ குளத்தையே நகர்த்திப்போட்டியே? பெரிய ஆள்தான்." பிறகு அவன் குரல் மாறியது. "இஞ்சை பார் தயா. அந்தக் கதியால் அங்கை நிண்டால் கட்டு அங்கைதான் வரும். தண்ணி பழையபடி சஜீதாவையள் வீட்டுக்கைதான். விளங்குதே? விடிய எழும்பி அப்பாட்டைச் சொல்லு. ரெண்டு போடுவர், வாங்கு. அடிச்சுப்போட்டுத் தானே கொண்டுபோய்ப் பழைய இடத்திலை நடுவர். உந்த விசயத்திலை அப்பா பிசகமாட்டார். எனக்கு அவரைத் தெரியும்."

தயாளினி அதை மூன்று நான்கு முறை போட்டுக் கேட்டாள். அப்பா பிசகமாட்டார். அந்த வசனம் போர்வைக்குள் இன்னொரு போர்வைபோல இருந்தது. அடி வாங்கலாம். அடி ஒரு நாள் நோகும். வெள்ளிக்கிழமைக்குப் பிறகு முதன்முறையாக அவள் நித்திரையானாள்.

காகம் கரைய முதல் எழும்பினாள். அப்பாவின் கட்டில் வெறுமையாகக் கிடந்தது. பின் கதவு சாத்தாமல் இருந்தது. சொல்ல வேண்டிய முதல் வசனத்தை வாய்க்குள் அடுக்கிக்கொண்டு வளவுக்குள் இறங்கினாள். "அப்பா, நான் ஒண்டு சொல்லுவன், நீங்கள் கோவிக்கக் கூடாது."

குளத்தடியில் ஒரு சின்ன வெளிச்சம்.

நடுப் பூவரசில் கை வைத்து நின்று பார்த்தாள். அப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு சேற்றில் குந்தியிருந்தார். ரோச்லைற்றை வாயில் கவ்வியிருந்தார். பக்கத்தில் பெயின்ற் வாளியில் தண்ணீர். கதியாலடியில் சேற்றைக் குழைத்துக் குழைத்து, குழந்தைக்குப் பவுடர் பூசுவதுபோல, நட்ட அடையாளம் தெரியாமல் தடவினார். பிறகு, வாடித் தொங்கிய துளிர்களை ஒவ்வொன்றாக நகத்தால் கிள்ளினார். கிள்ளியதைக் கீழே போடவில்லை. மடியில் சேர்த்தார்.

தயாளினிக்கு அப்போதுதான் விளங்கியது. நேற்றுப் பின்னேரம் அப்பா குழியைக் கண்டவர். அம்மாதான் பிடுங்கியிருக்கிறா என்று நினைத்தவர். அப்பாதான் பிடுங்கியிருக்கிறார் என்று அம்மா நினைத்திருக்கிறா. அதுதான் நெத்தலிப் பொரியல். அதுதான் இன்னொரு கரண்டிக் குழம்பு. இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் செய்யாத ஒன்றுக்கு நன்றி சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறார்கள். இப்போது அப்பா, அம்மாவுக்காக, அவள் நட்ட பொய்க்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

அடுக்கி வைத்த வசனம் வாய்க்குள்ளேயே கரைந்தது. அடி விழுமென்ற பயம் போய், அடி விழாது என்ற பயம் வந்தது. அவள் வந்த வழியே திரும்பிப்போய்ப் படுத்துக்கொண்டு, அப்பா கை கழுவுகிற சத்தத்தைக் கேட்டாள்.

*

ஞாயிறு காலை மாஸ்டர் முன்னுக்கும் கயிற்றுச் சுருள் தூக்கியவர்கள் பின்னுக்குமாக வளவு வளவாக வந்தார்கள். கோயில் திருவிழாவுக்குப் பிறகு இத்தனை பேர் சேர்ந்து அந்தக் கரையால் நடந்தது கிடையாது. ஒவ்வொரு வளவிலும் பகிடி. ஒருவருடைய கக்கூஸ் எல்லைக்குள் அகப்பட்டுவிட்டது. "குளம் உங்கடை கக்கூசைக் கேக்குதாம், குடுத்துவிடுங்கோ" என்று சிரித்தார்கள். அவரும் சிரித்தார். இன்னொருவருடைய கோழிக்கூடு போனது. ஸைனம்பு பெரிய பிளாஸ்க்கில் இஞ்சித் தேத்தண்ணி கொண்டு வந்து வளவுக்கு வளவு ஊற்றிக் கொடுத்தா. கீழ் ஒழுங்கைச் சனம் இந்தக் கரை வளவுகளுக்குள் இப்படிப் பின்பக்கத்தால் வந்து நின்றது, தயாளினி அறிய இதுதான் முதல்முறை.

சுபாஸ் வீட்டில் வந்து கயிறு நின்றது.

"கயிறு இஞ்சை வயிறு தள்ளுது, சுபாஸ்" என்றார் மாஸ்டர். அடுத்த வளவுக் கதியால் வீட்டுப் பக்கம் உள்ளே நின்றது. இது மட்டும் குளத்தைப் பார்த்து வெளியே.

"எங்கடை வளவு கொஞ்சம் மேடு, மாஸ்டர்" என்றார் அப்பா.

ஹனீபா கதியாலுக்குக் கிட்டப் போனார். நரைத்த தாடி, சாரத்தைக் கணுக்காலுக்கு மேலே தூக்கிக் கட்டியிருந்தார். குனிந்து கணுவை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"எல்லாம் துளிர்த்துப்போச்சு. இது மட்டும் ஏன் தம்பி மொட்டையா நிக்குது?"

தயாளினி தோய்க்கிற கல்லில் இருந்தாள். அவளுடைய காலுக்குக் கீழே, புதிதாக மண் போட்டு மூடிய இடம். அம்மா குசினி வாசலில் நிலையைப் பிடித்தபடி நின்றா.

"துளிர்த்தது, ஹனீபா நானா. ஆடு கடிச்சிட்டுது."

ஹனீபா வாய்விட்டுச் சிரித்தார். "அப்ப எங்கடை மறியாத்தான் இருக்கும். இந்தக் கரையிலை வேறை ஆரின்ரை ஆடு? ஸைனம்பு, கேட்டனீரோ, உம்மடை ஆட்டிலை ஒரு வழக்கு."

"ஓம்" என்றா ஸைனம்பு. ஒரு கோப்பைக்குள் தேத்தண்ணி விழுந்துகொண்டிருந்தது, அவ அதிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "வெள்ளிக்கிழமை மைம்மலுக்கை கயித்தை அறுத்திட்டுது. நானும் தேடிக்கொண்டு இந்தப் பக்கம் வந்தனான்."

இப்போது தன் பெயர் வரும் என்று தயாளினி இருந்தாள். வரவில்லை. ஸைனம்பு அடுத்த கோப்பையை எடுத்தா.

மாஸ்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். "சுபாஸ், எல்லாரிட்டையும் கேட்டதைத்தான் உம்மட்டையும் கேக்கிறன். தண்ணி நிண்ட இடம் இதுதானே?"

கூட்டத்தில் முதலில் கை தூக்கிய அதே ஆள், அதே சொல்லைத்தான் சொன்னார். "ஓம்." அன்றைக்கு அது சனசமூக நிலையக் கூரைவரைக்கும் கேட்டது. இன்றைக்குக் கிட்ட நின்றவர்களுக்குத்தான் கேட்டது.

"தம்பி சொன்னால் காணும்" என்றார் ஹனீபா. "போன மாரிக்கு எங்கடை வீட்டிலை பம்ப்பை வைச்சுக்கொண்டு ராப்பகலா முழிச்சுக் கிடந்த ஆள். இஞ்சை கொண்டாங்கோ கயித்தை."

அவரே கட்டினார். இரண்டு சுற்று சுற்றி, இழுத்துப் பார்த்து, மூன்றாவது சுற்றும் போட்டார். அப்பா கதியால் ஆடாமல் அடியைப் பிடித்துக்கொண்டார். இரண்டு பேருடைய தலையும் முட்டுகிற மாதிரிக் கிட்டக்கிட்ட இருந்தன. அப்பா ஹனீபாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். முடிச்சு இறுகும்போது அவருடைய கண் ஒருமுறை மூடித் திறந்தது. அம்மா குசினிக்குள் போய்விட்டா. உள்ளே ஒரு சட்டியும் சத்தம் போடவில்லை.

சனம் அடுத்த வளவுக்கு நகர்ந்தது. மாஸ்டர் யாருக்கோ பகிடி சொன்னார். அப்பா கயிற்றுச் சுருளைத் தோளில் வாங்கிக்கொண்டு அவர்களோடு போனார். இந்த வீட்டுக்குள் திரும்பிவர அவருக்கு அவசரமில்லை போல இருந்தது.

ஸைனம்பு மட்டும் பின்தங்கினா. ஒரு கோப்பைத் தேத்தண்ணியோடு தோய்க்கிற கல்லுக்கு வந்து தயாளினியின் கையில் கொடுத்தா. தேத்தண்ணி விளிம்பில் ததும்பியது. ஸைனம்பு அவளுடைய விரல்களுக்குமேல் தன் விரல்களை வைத்து அதை நிறுத்தினா. அந்தக் கை சூடாக இருந்தது.

"நான் வீட்டை ஒருத்தருக்கும் சொல்லேல்லை, மகள். சஜீதாவுக்கும் சொல்லேல்லை, இவருக்கும் சொல்லேல்லை."

தயாளினி தலை குனிந்தாள்.

"பிள்ளை ஒண்டு விளையாட்டுக்குச் செய்திருக்கும், தகப்பன் காணேக்கை திருத்திப்போடுவார் எண்டு நினைச்சன். அதுதான் வாயைப் பொத்திக்கொண்டு தேத்தண்ணி ஊத்தினனான். மாஸ்டர் கேக்கிறார், கொப்பர் ஓம் எண்டுறார்." ஸைனம்புவின் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் தயாளினிக்கு இலகுவாக இருந்திருக்கும். "முப்பது வருசத்துக்குப் பிறகு இவர் இந்தக் கரையிலை ஒருத்தன்ரை சொல்லை நம்பிக் கயிறு கட்டியிருக்கிறார். இப்ப நான் போய்ச் சொன்னால், தண்ணியை விடு, இவர் இனி இந்தக் கட்டாலை நடக்கமாட்டார். சொல்லாட்டி, வாற மாரிக்கு என்ரை வீட்டுக்கைதான் தண்ணி. அதுக்கு நான் ஆரைக் கோவிக்கிறது எண்டாவது எனக்குத் தெரிய வேணும். கொப்பர் சொல்லி நட்டனியோ? நீயாத்தான் நட்டனியோ?"

நான்தான் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அது உண்மை. ஆனால் அந்த உண்மையைச் சொன்னால், அப்பா தெரிந்துகொண்டே ஹனீபாவின் முகத்தைப் பார்த்துப் பொய் சொன்னார் என்றாகும். அப்பா சொல்லித்தான் என்றால், முதல் நாளே அவர் கள்ளன். தண்ணீர் நின்ற இடத்தில் நட்டவர் அப்பா. பிடுங்கியவள் அவள். வாடியதைக் கிள்ளித் தண்ணீர் விட்டவர் அப்பா. கேட்காமல் குழம்பு ஊற்றியவ அம்மா. கட்டியவர் ஹனீபா. எங்கிருந்து தொடங்கி எதைச் சொல்வது? மதிலுக்கு அங்கால், அடுத்த வளவில், யாரோ சொன்ன பகிடிக்கு எல்லோரும் சிரித்தார்கள். அதில் அப்பாவின் சிரிப்பும் இருக்கிறதா என்று அவள் காது கொடுத்தாள். பிரித்து அறிய முடியவில்லை.

ஸைனம்பு வெறும் பிளாஸ்க்கை மூடித் திருகினா. போகவில்லை.

"சொல்லு மகள்" என்றா. "அது ஆரின்ரை கதியால்?"